பஞ்சாரத்தில் யாரை அடைப்பது?

போன வருடம் தீபாவளி முடிந்த மறுவாரம் நடந்தது இது. அப்போது நாங்கள் கீரனூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். திருச்சி போகிற ரோட்டில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறையில் நான் சூப்பர்வைசர். காலையில் பைக்கைக் கீரனூரில் போட்டுவிட்டு பஸ் ஏறினால், வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். என் மனைவிக்கு அது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து, அறந்தாங்கிப் பக்கம் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். வீட்டில் நான் தனி ஆள்.

பக்கத்து வீட்டில் ஓர் அக்காவும் அவர் கணவரும் இருந்தார்கள். ஒரே மகன், சிங்கப்பூரில் வேலை. நான் தனியாக இருக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற குட்டைச் சுவரின் மேல் மூடி போட்ட கிண்ணம் ஒன்று அவ்வப்போது வந்து உட்காரும். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பாக இருக்கும், இல்லாவிட்டால் கருவாட்டுக் குழம்பு. கிண்ணத்தைக் கழுவித் திருப்பி வைப்பதைத் தவிர நான் அவருக்கு ஒன்றும் செய்ததில்லை.

ஒருநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது அவர்கள் வாசலில் ஆம்புலன்ஸ். அவர் கணவருக்கு நெஞ்சுவலி. சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, முகம் வெளிறிப்போய், அவரைத் தூக்கி ஏற்றினார்கள். அக்கா ஏறி உட்கார்ந்தவர், என்ன நினைத்தாரோ, மறுபடியும் இறங்கி என்னிடம் ஓடி வந்து வீட்டுச் சாவியைக் கையில் திணித்தார்.

“தம்பி, கோழிய மட்டும் பாத்துக்கங்க. காலையில தொறந்து விட்டு, பொழுது சாய அடச்சிருங்க. குருணை அடுப்படியில டின்னுல இருக்கு. செவலைய மட்டும் கொஞ்சம் கவனமாப் பாத்துக்கங்க.”

ஏன் செவலையை மட்டும் என்று கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

நான் தஞ்சாவூரில், டவுனுக்குள் பிறந்து வளர்ந்தவன். கோழி என்றால் எனக்குக் கடையில் தொங்குவதுதான். உயிரோடு ஒரு கோழியைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் சாவி கைக்கு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் கொல்லைக்குப் போய் பார்த்தேன். ஒரு சேவல், ஆறு பெட்டைகள். யாரும் சொல்லாமல் அவையே வரிசையாகக் கூட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தன. நான் கதவைச் சாத்திக் கொக்கி போட்டேன். இவ்வளவுதானா வேலை என்று நினைத்தேன்.

இரண்டு நாள் சுலபமாகத்தான் போயிற்று. அதற்குப் பிறகு, காலையில் கூட்டைத் திறந்தால் உள்ளே ஒரே இறகு. யாரோ தலையணையைக் கிழித்துக் கொட்டியது மாதிரி. கீரி ஏதும் புகுந்துவிட்டதா என்று எண்ணிப் பார்த்தேன், எல்லாம் இருந்தன. செவ்வரக்கு நிறத்தில் இருந்த ஒரு பெட்டை மட்டும் கடைசியாக இறங்கியது. அக்கா சொன்ன செவலை. கழுத்தில் பாதி இறகு இல்லை. முதுகில் ஒரு கையகலத்துக்குத் தோல் தெரிந்தது. வாலில் ஒன்றிரண்டு இறகு மட்டும் கோணலாக நீட்டிக்கொண்டிருந்தது.

குருணையை இறைத்தேன். எல்லாம் ஓடி வந்தன. செவலையும் வந்தது. அது குனிந்ததும், பெரிதாக, பளபளவென்று இருந்த ஒரு கறுப்புப் பெட்டை நேராகப் போய் அதன் முதுகில் ஒரே கொத்து. செவலை கத்திக்கொண்டு ஓடியது. கறுப்பி விடவில்லை, துரத்திப் போய் இன்னொரு கொத்து. அதைப் பார்த்த மற்ற பெட்டைகளும், தின்பதை விட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக வந்து கொத்தின. அதுவரை அமைதியாக மேய்ந்துகொண்டிருந்தவைதான். சேவல் பாட்டுக்குக் குருணையைத் தின்றுகொண்டிருந்தது.

செவலை ஓடிப்போய் துணி துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடுக்கில் தலையைச் செருகிக்கொண்டு நின்றது. உடம்பு முழுக்க வெளியே. தலை மட்டும் உள்ளே. அதன் முதுகில் ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்துகொண்டிருந்தது. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்றைக்கு அதை அப்படியே விட்டுவிட்டுத்தான் போனேன். பட்டறையில் மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் அந்தத் தலை செருகிய கோலம் கண்ணிலேயே நின்றது.

சாயங்காலம் வந்தபோது எதிர்வீட்டுக்காரர் சுவரோரம் நின்று செவலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சீக்குக் கோழிங்க இது. கழிச்சல் வரப்போவுது. ஒண்ணுக்கு வந்தா எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிரும். பேசாம அறுத்துருங்க. அந்த அம்மா வந்தா நாஞ் சொல்லிக்கிறேன்” என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிற அந்த அக்காவிடம் கூட்டில் ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்ல வேண்டி வருமோ? மறுநாள் பட்டறைக்கு ஃபோன் செய்து தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, செவலையை ஒரு கட்டைப்பையில் போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டு, பைக்கில் மாட்டிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். அதைப் பிடிப்பதற்கு நான் பட்ட பாடும், பிடித்து றெக்கையோடு சேர்த்து அமுக்கியபோது அது போட்ட சத்தமும் இன்னும் மறக்கவில்லை.

டாக்டரம்மா அதைப் பையிலிருந்து எடுத்த விதமே வேறாக இருந்தது. அடியில் கை கொடுத்து, முட்டையை எடுப்பது மாதிரி எடுத்து மேஜையில் வைத்தார்.

“சீக்கெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. இறகு மாத்துது. வருஷத்துக்கு ஒரு தடவ பழைய இறக உதுத்துட்டுப் புதுசு முளைக்கும். இது கொஞ்சம் ஒரேயடியா உதுத்துருச்சு” என்றார். முதுகில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்த குச்சிகளைக் காட்டினார். “இதெல்லாம் புது இறகு. முளைக்கிறப்ப உள்ள ரத்தம் ஓடும். இதுல கொத்துனா பொலபொலன்னு வரும். செவப்பப் பாத்தா மத்ததுக்குச் சும்மா இருக்க முடியாது. நீங்க அழுத்திப் பிடிச்சாக்கூட இதுக்கு வலிக்கும்.”

நான் பிடித்து வந்த லட்சணத்தை அவரிடம் சொல்லவில்லை. காயத்தில் ஊதா நிற மருந்தைத் தடவிவிட்டார். காயமும் ஆறும், ரத்தச் சிவப்பும் மறையும் என்றார். குருணை மட்டும் போதாது, கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கலந்து வையுங்கள், கரையான் கிடைத்தால் இன்னும் நல்லது, இறகு முளைக்க அதெல்லாம் வேண்டும் என்றார். மழையில் நனைய விடாதீர்கள், கொத்து வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

கொத்து வாங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? நான் பகல் முழுக்க வீட்டில் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். செவலையை எங்கள் வீட்டு பாத்ரூமில் விட்டேன். சாக்கு விரித்து, ஒரு தட்டில் தீனி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர். கதவைச் சாத்திவிட்டு, நான் கொல்லையில் குழாயடியில் குளித்தேன். ஐப்பசி மழை அப்போதுதான் பிடித்திருந்தது. மேலிருந்தும் தண்ணீர், கீழிருந்தும் தண்ணீர். எதிர்வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் பெரிய காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் சாயங்காலம் வந்து பார்த்தால், தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. செவலை பக்கெட்டுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. வெளியில் மற்ற கோழிகள் கொக்கரிக்கிற சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்கி, தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் போடும். அது கூப்பிடுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாளும் அப்படித்தான். என் கண்ணெதிரே இளைத்துக்கொண்டிருந்தது. சரி, தனியாக இருந்தால் ஏங்கிப்போகிறது, கூட்டத்தோடு விடுவோம் என்று விட்டேன். நான் திரும்பிக் கதவைச் சாத்துவதற்குள் கறுப்பி வந்துவிட்டது. இந்தத் தடவை இன்னும் மோசம். இரண்டு நாள் கண்ணில் படாமல் இருந்ததாலோ என்னவோ, புதிதாக வந்த கோழியைப் போல நினைத்து எல்லாமாகச் சேர்ந்துகொண்டன. ஊதா மருந்தின் மேல் மறுபடியும் சிவப்பு.

திரும்பவும் பாத்ரூம்.

அந்த வாரத்தில் ஒருநாள் பட்டறையிலிருந்து நேராகத் திருச்சிக்குப் போய் ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்தேன். கணவருக்கு பைபாஸ் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மகன் டிக்கெட் கிடைத்து வந்து சேர இன்னும் சில நாள் ஆகுமாம். அக்கா வார்டுக்கு வெளியே ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். தலைகூட வாரவில்லை. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “கோழியெல்லாம் நல்லாருக்குல்ல தம்பி?” என்றுதான்.

“நல்லா இருக்குக்கா.”

“செவலை?”

“அதுவும் நல்லா இருக்குக்கா. நல்லா தின்னுது.”

அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்தபோது நான் சொன்னது சரி என்று ஒரு பக்கம் தோன்றியது. பஸ்ஸில் வரும்போதுதான், அந்தக் கோழி செத்துப்போனால் இந்தப் பொய்யை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பயம் பிடித்தது.

இதற்கிடையில் பட்டறையில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. எங்களிடம் ஒரு வெல்டர் இருந்தார். என்னைவிட வயதில் பெரியவர். தொட்டி வேலை என்றால் அவர் போடுகிற வெல்டில் ஒரு சொட்டு ஒழுகாது. காமாலை வந்து நீண்ட நாள் படுத்துவிட்டுத் திரும்பியிருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. கை கொஞ்சம் நடுங்கியது. முன்னால் செய்த வேகத்தில் செய்ய முடியவில்லை. அவர் டீமில் ஓர் இளைஞன், வேலையில் சூரன். அவன்தான் ஆரம்பித்து வைத்தான். இவர் வந்தாலே இருமுவது மாதிரி நடிப்பது, ஹெல்மெட்டை ஒளித்து வைப்பது, கனமான தகட்டை வேண்டுமென்றே இவர் பக்கம் தள்ளுவது, சாப்பிட உட்கார்ந்தால் “தொத்திக்கப் போவுதுப்பா” என்று தள்ளி உட்காருவது. அவன் செய்வதைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள். அவர்களில் ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. அவர் படுத்திருந்தபோது ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தவர்கள்தான்.

ஒருநாள் அவர் என்னிடம் வந்து நின்றார்.

“சார், என்னைய ஸ்டோருக்கு மாத்தி விட்ருங்க. அங்கிட்டு நட்டு போல்ட்ட பிரிச்சுக் குடுத்துக்கிட்டுக் கெடக்கேன். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.”

நானும், “சரிண்ணே, அடுத்த வாரம் மாத்திடறேன்” என்றேன். பிரச்சினை இவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்கு நிம்மதி. அவருக்கும் ஓய்வு, டீமும் கலையாது, அந்த இளைஞனிடம் முகத்தை முறித்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டால் ஆர்டரை முடிக்க ஆளில்லை என்பதும் என் மனதில் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி ஃபோன் செய்தாள். தினமும் குழந்தை உதைத்ததைச் சொல்வாள். நான் கோழி கதையைச் சொல்வேன். அன்று செவலை ஒரு பருக்கைகூடத் தின்னவில்லை என்று புலம்பினேன்.

“சரி, அந்தக் கறுப்பி என்ன பண்ணுது?” என்று கேட்டாள்.

“அதுக்கென்ன, கொல்லையில ஜாலியா மேயுது.”

“அடி வாங்குனவளப் பாத்ரூம்ல போட்டுப் பூட்டிட்டீங்க. அடிச்சவளுக்குக் கொல்லை முழுசும். நல்லா இருக்குங்க ஒங்க நாயம்!”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“நெசமாத்தாங்க சொல்றேன். அவ என்ன தப்புப் பண்ணுனா, அவள எதுக்கு அடைக்கணும்? அங்க பஞ்சாரம் இருக்குமே, அந்தக் கறுப்பியப் பிடிச்சு அதுல கவுத்துங்க. கொஞ்ச நாள் உள்ள கெடக்கட்டும். செவலைய வெளிய விடுங்க.”

பேசி முடித்து ஃபோனை வைத்த பிறகும் அந்தப் பேச்சு என்னை விட்டுப் போகவில்லை. உண்மையில் அப்படி ஒரு யோசனை எனக்கு வரவே இல்லை. அடிபட்டதைத் தூக்கி ஒதுக்குப்புறமாக வைப்பதுதான் இரக்கம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி நினைத்தது கோழி விஷயத்தில் மட்டும் இல்லை என்பது உறைத்தபோது, கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அக்கா வீட்டு விறகுக் கொட்டகையில் பஞ்சாரத்தைத் தேடி எடுத்தேன். மூங்கில் பிளாச்சில் பின்னிய பெரிய கவிழ்கூடை. கூட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே கறுப்பியைப் பிடித்துவிடுங்கள் என்று மனைவி சொல்லியிருந்தாள். நான் பழக்கதோஷத்தில் கொக்கியை எடுத்துவிட்டேன். எல்லாம் வெளியே பாய்ந்தன. அப்புறம் என்ன, சகதியில் நானும் கறுப்பியும்தான். வாழை மரத்தைச் சுற்றினேன், துவைகல்லைத் தாண்டினேன், ஒருமுறை முழங்கால் வரை சேற்றில் இறங்கினேன். எதிர்வீட்டுக்காரர் டீ டம்ளரோடு வந்து வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கினார்.

“நீங்க இங்கிட்டு நில்லுங்க. நான் அங்கிட்டுருந்து ஓட்டிட்டு வாரேன்” என்றார். இரண்டு பேருமாக மூலையில் மடக்கி, பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லையும் வைத்தோம்.

“நல்லாக் கொழுத்த கோழியாப் பாத்துத்தான் பிடிச்சிருக்கீங்க. எப்ப அறுக்கிறீங்க?”

“அறுக்கிறதுக்கு இல்லைங்க. இது கொஞ்ச நாள் உள்ள இருக்கட்டும்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போனார்.

கறுப்பிக்கும் உள்ளே தீனியும் தண்ணீரும் வைத்தேன். அது பஞ்சாரத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. பிறகு செவலையைக் கொண்டுவந்து, டாக்டரம்மா எடுத்த மாதிரியே அடியில் கை கொடுத்து, மெதுவாகக் கீழே விட்டேன். அது நேராக அந்த இடுக்குக்குத்தான் போனது. தலையைச் செருகிக்கொண்டு, கொத்துக்குக் காத்துக்கொண்டிருப்பது மாதிரி நின்றது. கொத்து வரவில்லை. ஒரு வெள்ளைப் பெட்டை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்த்தது. அது ஒரு கொத்துக் கொத்திவிட்டு, யாரும் கூட வரவில்லை என்றதும், திரும்பித் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. கறுப்பி தொடங்கி வைக்காவிட்டால் மற்றவற்றுக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை.

வெகு நேரம் கழித்து செவலை தலையை வெளியே எடுத்தது. புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் பிசைந்து அதன் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒரு வாய் எடுத்தது. நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தது. மறுபடி ஒரு வாய். அதன் பிறகு நிமிரவே இல்லை. அது தின்பதைப் பார்த்துக்கொண்டு, காலில் காய்ந்த சேற்றோடு, நான் துவைகல்லில் உட்கார்ந்திருந்தேன். வயிறு நிறைய நானே சாப்பிட்ட மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனதும் முதலாளியிடம் போனேன். அந்த இளைஞனைக் கொஞ்ச காலத்துக்கு வெளி வேலைக்கு, ஷெட் போடுகிற சைட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றேன்.

“அவன்தான்யா நம்ம வேகமான ஆளு. அவன அனுப்பிட்டா ஆர்டர யாரு முடிப்பா? அந்தப் பெரியவரே ஸ்டோருக்குப் போறேன்னு சொல்றாருல்ல?”

“அவரு போகணும்னு ஆசப்பட்டுக் கேக்கல சார். இருக்க விடலன்னு கேக்குறாரு. ஆர்டர் பிந்துனா நான் நின்னு பாத்துக்கறேன்.”

கோழி கதையையெல்லாம் அவரிடம் சொல்ல முடியுமா? அரைமனதாகத்தான் சம்மதித்தார். அந்த இளைஞனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னபோது அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“சும்மா வெளாட்டுக்குப் பேசுனது சார். அவருக்கே கோவமில்ல, ஒங்களுக்கு என்ன?”

“கோவமில்லாமத்தான் இத்தன வருசம் பிடிச்ச டார்ச்ச விட்டுட்டு ஸ்டோருக்குப் போறேங்கிறாரா?” என்று கேட்டேன்.

அதன் பிறகு அவன் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. ஆர்டரும் தாமதமாகத்தான் போனது. முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த வெல்டரும் உடனே சந்தோஷப்பட்டுவிடவில்லை. “என்னால எதுக்கு சார் வம்பு” என்று சங்கடப்பட்டார். சில நாள் அவரே தனியாகப் போய்த்தான் சாப்பிட்டார். ஒருநாள் மத்தியானம் பார்க்கிறேன், மற்றவர்களில் ஒருவன் தன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்தினான். அவர் எடுத்துக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகன் வந்துவிட்டிருந்தார். மருந்து வாங்க வெளியே போயிருந்தார். அக்கா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே அவர் கணவர் குழாய்களுக்கு நடுவில் படுத்திருப்பது கொஞ்சமாகத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குப் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். செவலைக்கு இறகு கொட்டியது, அடி வாங்கியது, ரத்தம் வந்தது, பாத்ரூமில் பட்டினி கிடந்தது, அன்றைக்கு நான் மறைத்தது, எல்லாம். இப்போது கறுப்பியைப் பஞ்சாரத்தில் போட்டிருப்பதையும், செவலை தின்ன ஆரம்பித்திருப்பதையும், முதுகில் முள் முள்ளாக முளைத்திருப்பதையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடிக்குள் பார்த்தபடியே இருந்தார்.

“பொழச்சிரும்ல தம்பி?” என்றார்.

எதைக் கேட்கிறார் என்று எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

“பொழச்சிரும்க்கா. தின்ன ஆரம்பிச்சிருச்சு. இனிமே தேறிரும்” என்றேன்.

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். இத்தனை நாளில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

கறுப்பியைச் சில நாள் கழித்து வெளியே விட்டேன். வந்த வேகத்தில் செவலையைப் பார்த்து ஓடியது. ஆனால் வழியிலேயே அந்த வெள்ளைப் பெட்டை குறுக்கே வந்து இதன் தலையில் ஒன்று போட்டது. கறுப்பி திகைத்துப்போய் ஒதுங்கிவிட்டது. இல்லாத நாளில் அதன் இடம் போய்விட்டது போலிருக்கிறது. அதன் பிறகும் எப்போதாவது செவலையை ஒரு கொத்துக் கொத்தும்; கூட்டம் சேராது. அதற்குள் செவலைக்கும் கழுத்தில் புது இறகு மூடிவிட்டது. உடைந்த மண்பானையில் சாணியையும் வைக்கோலையும் வைத்துக் கவிழ்த்து எதிர்வீட்டுக்காரர் எனக்குக் கரையான் பிடித்துக் கொடுத்தார். சீக்குக் கோழி என்று சொன்ன அதே மனிதர்தான். காலையில் அதைக் கொட்டும்போது செவலை என் காலைச் சுற்றிக்கொண்டே வரும்.

கார்த்திகை பிறந்த பிறகு அக்காவும் மகனும் அவர் கணவரை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தார்கள். மெலிந்து, சட்டைக்குள் காணாமல் போனவர் மாதிரி இருந்தார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, அக்கா நேராகக் கொல்லைக்குப் போனார். செவலை புது இறகோடு வெயிலில் நின்றிருந்தது. பழைய நிறத்தைவிடக் கூடுதலாக மினுங்கியது. அக்கா குரல் கொடுத்ததும் ஓடி வந்தது. அடியில் கை கொடுத்துத் தூக்கி, கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

ஏன் செவலையை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன்.

“இங்க இருக்கிற பெட்டையெல்லாம் இது பொரிச்சதுதான் தம்பி. ஒரு குஞ்சக்கூடக் காக்காய்க்கிட்ட விடல.”

“அந்தக் கறுப்பியுமா?”

“கறுப்பியும்தான். அதுதான் கடைசியாப் பொரிஞ்சது, நோஞ்சானா இருந்துச்சு. இதுதான் றெக்கைக்குள்ளயே வச்சு வளத்துச்சு.” நான் திரும்பிக் கறுப்பியைப் பார்த்ததைக் கண்டு சிரித்துவிட்டார். “கோழிக்கு அதெல்லாம் தெரியுமா தம்பி?”

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து, பிறகு வீடு மாறித் திருச்சிக்கே வந்துவிட்டோம். அந்த வெல்டர் இன்னும் எங்கள் பட்டறையில் தொட்டி வேலை செய்கிறார், வேகம் பழையபடி வரவில்லை, ஆனால் இன்னும் ஒரு சொட்டு ஒழுகாது. சைட்டுக்குப் போன இளைஞன் திரும்பி வந்து, வேறொரு டீமில், யாரையும் வம்பிழுக்காமல் வேலை பார்க்கிறான். “எனக்கு வேற இடம் குடுங்க” என்று யாராவது தலை குனிந்து வந்து நின்றால், இப்போதெல்லாம் நான் உடனே இடம் தேடுவதில்லை; இருக்கிற இடத்தில் இவரை நிற்கவிடாமல் செய்வது யார் என்றுதான் முதலில் கேட்கிறேன், அந்த ஆள் எனக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும்.